மட்டையோடு நடந்து வருகிறவனுக்கு ஒரு பாட்டு

1

என் மகன் பேஸ்பால் விளையாடுகிறான் என்று ஊரில் இருக்கும் யாரிடமும் இனிமேல் சொல்வதாக இல்லை. சொன்னால் உடனே, "கூடையில பந்து போடுவாங்களே, அதானே?" என்பார்கள். இல்லை என்றால், "வலைக்கு மேல தட்டுவாங்களே, அதா?" என்பார்கள். அதுவும் இல்லை, மட்டையால் அடிக்கிற விளையாட்டு என்று விளக்கினால், "அப்ப கிரிக்கெட்டுன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று என் மேலேயே எரிந்து விழுவார்கள். விருதுநகரில் இருக்கும் என் அக்காவுக்கு வெள்ளிக்கிழமைதோறும் தொலைபேசியில் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன். அவள் இன்றைக்கும் தெருவில் விசாரிப்பவர்களிடம் டென்னிஸ் என்று சொல்லிவருவதாகக் கேள்வி.

தொண்டை கிழிய என்று சும்மா எழுதவில்லை. துபாயிலிருந்து ஊருக்குப் பேசுவதென்றால் கத்தத்தான் வேண்டும். கார்டு போட்டுப் பேசினாலும், கம்ப்யூட்டர் வழியாகப் பேசினாலும் அக்காவுக்குப் பாதிதான் போய்ச் சேரும். நான் கூடத்தில் நின்று கத்த ஆரம்பித்ததும் என் மனைவி வசந்தா வந்து பால்கனிக் கதவைச் சாத்துவாள். எதிர் ஃபிளாட்டுக்காரர்கள் ஒருமுறை புகார் கொடுத்ததிலிருந்து இது எங்கள் வீட்டில் ஒரு சடங்கு.

இன்று வெள்ளிக்கிழமை. சரவணன் வீட்டில் இல்லாத முதல் வெள்ளிக்கிழமை. அவனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. திருச்சிப் பக்கம் ஒரு எஞ்சினியரிங் கல்லூரி விடுதியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். நான் விட்டுவந்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. விசா அவனை அனுப்பிவைத்தது.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது பேஸ்பாலைவிடக் கஷ்டம். இங்கே பெண் பிள்ளை என்றால் கல்யாணம் ஆகும்வரை அப்பன் விசாவில் இருக்கலாம். ஆண் பிள்ளைக்குப் பதினெட்டோடு சரி. அதற்கு மேல் இருக்க வேண்டுமானால் படிக்கிறான் என்று கல்லூரியிலிருந்து சான்று காட்ட வேண்டும், வருடாவருடம் காட்ட வேண்டும். வெளியூரில் படித்தால் ஆறு மாதம் முடிவதற்குள் இங்கே வந்து தலையைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்து, இந்த ஊர்ப் பள்ளியில் படித்து, இந்த ஊர் மணலில் முட்டியைத் தேய்த்தவன் ஒரு பிறந்தநாளில் திடீரென்று வெளியாள் ஆகிவிடுகிறான்.

எங்கள் கம்பெனியில் விசா வேலைகளுக்காக அரசாங்க அலுவலகங்களில் அலைகிற பி.ஆர்.ஓ. ஒரு சூடான்காரர். நல்ல மனிதர். கெட்ட செய்தியாக இருந்தாலும் உட்காரவைத்து டீ கொடுத்துத்தான் சொல்வார். அன்றைக்கு இரண்டாவது டீயும் வந்தது.

"பாய், பையன் பெரிய ஆள் ஆயிட்டான். கலாஸ்" என்றார், தனக்குத் தெரிந்த இந்தியில், முடிந்தது என்பதை மட்டும் அரபியில்.

"காலேஜ் சர்டிபிகேட் இல்லாம ஒரு வருஷம் நீட்டிக்க முடியாதா?"

"மாஃபி." கிடையாது.

அவ்வளவுதான். அதோடு முடிந்தது. பிறகு பிறப்புச் சான்றிதழ், அதற்கு ஒரு முத்திரை, அந்த முத்திரை செல்லும் என்பதற்கு இன்னொரு முத்திரை. இங்கே உள்ள கல்லூரியில் சேர்ப்பதென்றால் என் சம்பளம் போதாது. ஆகவே திருச்சி. சரவணனிடம் சொன்னபோது ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து மட்டும் கழற்றி, "ஓகே" என்றான். சண்டை போடுவான் என்று என்னென்ன பதில் சொல்ல வேண்டும் என யோசித்து வைத்திருந்தேன். ஓகே என்பவனோடு எப்படிச் சண்டை போடுவது?

3

ஷார்ஜாவில் கிரிக்கெட் பார்க்கலாம் என்பதற்காகவே இந்த ஊர் வேலைக்கு ஒப்புக்கொண்டவன் நான். இதைச் சொன்னால் வசந்தா இன்னும் அடிக்க வருவாள், ஆனால் உண்மை. பிள்ளை பிறந்ததும் நான் வாங்கிய முதல் பொருள் ஒரு குட்டி மட்டை. அந்த மட்டையைத் தொடாமலேயே வளர்ந்து, அல் குசைஸில் எங்கள் கட்டிடத்திலேயே குடியிருந்த ஜோமர் என்ற பிலிப்பைன்ஸ் பையனோடு சேர்ந்துகொண்டு பேஸ்பாலுக்குப் போனான். ஊரெல்லாம் கிரிக்கெட் ஆடுகிற இடத்தில், தேடித் தேடி ஆளில்லாத விளையாட்டாகப் பிடித்திருக்கிறான்.

அது போதாதென்று பாட்டு. ஜோமர் டிரம்ஸ், இவன் கிட்டார். எங்கள் படுக்கையறை ஒன்றை எடுத்துக்கொண்டு, சத்தம் வெளியே போகக் கூடாது என்று சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டினார்கள். சைவ வீடு. வசந்தா சூப்பர்மார்க்கெட்டில் போய் முட்டை வேண்டாம், அட்டை மட்டும் கொடு என்று கேட்டு நின்றாள். அங்கே ஏதோ விரதத்துக்கென்று நினைத்துக்கொண்டு மரியாதையாகக் கட்டிக் கொடுத்தார்கள்.

முதலில் இவை இரண்டு தனித்தனிப் பைத்தியம் என்றே நினைத்தேன். வியாழன் சாயங்காலம் யாராவது ஒருவன் வீட்டில் கூடிப் பாட்டு, வெள்ளி காலை பந்து. அழைத்துப் போவதற்கு டிரைவர் நான். போகப் போகத்தான் புரிந்தது, இரண்டுக்கும் வருவது ஒரே கூட்டம். அதே தொப்பி, அதே வெளுத்த டி-ஷர்ட். சட்டமும் ஒன்றேதான். ஜெயிக்கிற டீமைப் பிடிக்கக் கூடாது, எல்லோருக்கும் தெரிந்த பாட்டையும் பிடிக்கக் கூடாது.

அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரில் ஒரு டீம். எங்கள் வம்சத்தில் யாரும் அந்த ஊரை எட்டிப் பார்த்ததில்லை. அது தோற்றதா என்று தெரிந்துகொள்ள இவன் விடிவதற்கு முன்னால் எழுந்து கம்ப்யூட்டர் முன் உட்காருவான். தோற்றிருக்கும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போவான்.

"ஜெயிக்கிற டீமாப் பாத்து சப்போர்ட் பண்ணேன்டா" என்றேன்.

"அது ஈஸிப்பா. யார் வேணா பண்ணலாம்."

பாட்டிலும் இதே கதை. ஒரு பாட்டுக் குழுவை மாதக்கணக்கில் தலையில் வைத்து ஆடினான். ஒருநாள் அதன் பாட்டு ரேடியோவில் வந்தது. அன்றோடு விட்டுவிட்டான்.

"ஏன், பாட்டு நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. பட் இப்ப எல்லாரும் கேக்கறாங்க."

"பாட்டுன்னா எல்லாரும் கேக்கத்தானேடா?"

"நோ அப்பா. யூ டோண்ட் கெட் இட்."

எங்கள் வீட்டில் மிக அதிகமாகப் புழங்கிய வாக்கியம் அதுதான். அவர்கள் பாட்டை அவர்களே பதிவு செய்வார்கள், அவர்களே சிடியில் ஏற்றுவார்கள், உறைமேல் பேஸ்பால் பந்தின் சிவப்புத் தையலை ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொன்றாக வரைவார்கள். ஒரு கம்பெனியிடம் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். "கம்பெனி வந்தா அது வேற மியூசிக்ப்பா" என்றான். ஏதோ நான் அவனைச் சாராயக் கடை வைக்கச் சொன்னது மாதிரி ஒரு பார்வை வேறு.

இத்தனை எரிச்சலுக்கும் அடியில் எனக்கு இருந்தது வருத்தம்தான். ஒளிப்பானேன், சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருடத்தில் எங்களிடமிருந்து இவன் ஒன்றையாவது எடுத்துக்கொண்டானா? கிரிக்கெட் வேண்டாம் என்றான். தமிழ் எழுத்தைக் கடைப் பலகை படிக்கிற அளவோடு நிறுத்திக்கொண்டான். காரில் எங்கள் காலத்துப் பாட்டைப் போட்டால் ஹெட்ஃபோன் ஏறிவிடும். கூட்டாளிகள் அவனை வேன் என்று கூப்பிடுகிறார்கள். என் அப்பாவின் பெயரை வைத்தேன், அதைச் சாமான் ஏற்றுகிற வண்டியாக்கிவிட்டார்கள். நாளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது அதில் எல்லாம் இருக்கும், நாங்கள் மட்டும் இருக்க மாட்டோம் என்று பயந்தேன்.

4

மைதானம் என்று சொல்கிறேனே, அது ஷார்ஜா பக்கம் முவைலாவில் ஒரு மணல் பொட்டல். ஒரு பக்கம் கம்பி வலை, மறுபக்கம் தொழிலாளர் கேம்ப்பின் நீண்ட சுவர். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் கேம்ப்பில் இருக்கும் நம் ராமநாதபுரத்து ஆட்கள் சிலர் அந்தச் சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்களில் முனியசாமி என்பவர் வாரம் தவறாமல் என்னிடம் கேட்பார்: "என்னண்ணே, நம்ம பய இன்னைக்கு எறிவானா, அடிப்பானா?" எனக்கே தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்டுவேன்.

பேஸ்பாலில் பந்து எறிகிறவனுக்கு ஒரு விசேஷமான நாள் வருவதுண்டு. எதிர் டீமில் ஒருவன்கூட அவன் பந்தை உருப்படியாக அடித்திருக்க மாட்டான். ஆட்டம் முடியும்வரை அப்படியே போய்விட்டால் அவனைத் தோளில் தூக்குவார்கள். போன பனிக்காலத்தில் சரவணனுக்கு அப்படி ஒரு நாள் வந்தது. ஆட்டம் முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஆனால் பெஞ்சில் யாரும் அவன் பக்கத்தில் உட்காரவில்லை, ஒருவரும் அவனோடு பேசவில்லை, ஜோமர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். நன்றாக ஆடுகிற பிள்ளையை இப்படி ஒதுக்குகிறார்களே! நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். நன்றாகப் போடுகிறவனைத் தட்டிக்கொடுக்க வேண்டும். அவன் மறுபடி எறியப் போனதும் எழுந்து நின்று கத்தினேன்.

"சபாஷ்டா சரவணா! இன்னும் ஒருத்தன்கூட உன்னை அடிக்கல!"

மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்திலும் ஒருமுறை சொன்னேன். அடுத்த பந்தை எதிராளி அடித்த அடியில் அது கேம்ப் சுவரைத் தாண்டிப் போனது. மொத்த டீமும் திரும்பி என்னைப் பார்த்தது.

அந்த ஒரு விஷயத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லக் கூடாதாம். சொன்னால் கலைந்துவிடுமாம். வீட்டுக்கு வந்து இந்த அநியாயத்தை வசந்தாவிடம் சொன்னேன். அவள் என் பக்கம் பேசுவாள் என்று பார்த்தால், கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினாள்.

"அறிவிருக்காங்க ஒங்களுக்கு? நல்லா நடந்துக்கிட்டிருக்கும்போது வாய்விட்டுச் சொல்லுவாங்களா? பெத்தவன் கண்ணுதான் மொதல்ல படும். இதுகூடத் தெரியாதா?"

உப்பையும் மிளகாயையும் எடுத்து அவனைச் சுற்றி அடுப்பில் போட்டாள். புகை அலாரம் அலறியது. கட்டிடத்துக் காவலாள், நாத்தூர் என்று இங்கே சொல்வோம், தீயணைப்பு உருளையோடு ஓடி வந்தார். திருஷ்டி என்றால் இரண்டு நிமிடம் நிற்காத என் பிள்ளை அன்று அசையாமல் நின்று சுற்றவிட்டான். "சேம் ரூல்ப்பா. அம்மா கெட்ஸ் இட்" என்றான்.

அதாவது அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அப்பனுக்குத்தான் இல்லை. அன்று முதல் மைதானத்தில் நான் வாயைத் திறக்கக் கூடாது என்று தடை.

5

அந்த விளையாட்டில் இன்னொரு வழக்கம் உண்டு. மட்டை பிடிக்க வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒரு பாட்டு. பெஞ்சிலிருந்து எழுந்து அடிக்கிற இடத்துக்கு அவன் நடந்து வரும்வரை அது ஒலிக்கும். காலை ஊன்றி நின்றதும் நிறுத்திவிட வேண்டும். அவனவன் பாட்டை அவனவனே தேர்ந்தெடுப்பான். எந்த மட்டை வாங்கலாம் என்று பேசுவதைவிட எந்தப் பாட்டு வைக்கலாம் என்று பேசுவதுதான் அதிகம். எங்கள் கார் பேட்டரியில் ஒயரை மாட்டி ஒரு ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு ஜோமர்தான் இந்த வேலையைச் செய்துவந்தான். சத்தம் அதிகம் என்று கேம்ப் நாத்தூர் இரண்டு முறை சண்டைக்கு வந்திருக்கிறார்.

வேலைகள் ஆட்டம் கண்டபோது ஜோமரின் அப்பா இருந்த கட்டுமானக் கம்பெனி படுத்துவிட்டது. பள்ளித் தேர்வு முடிந்த கையோடு குடும்பமே மணிலாவுக்குக் கிளம்பியது. டிரம்ஸை எங்கள் வீட்டிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். அவன் போனபிறகு அந்த அறையிலிருந்து சத்தமே வரவில்லை. நிம்மதி என்று சொல்லத்தான் நினைத்தேன்.

சரவணனின் கடைசி ஆட்டம் அவன் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள். வியாழன் இரவுச் சாப்பாட்டில் என்னைப் பார்த்தான்.

"ஒரு ஹெல்ப் வேணும்ப்பா. ஸ்பீக்கர் பாத்துக்கறதுக்கு ஆள் இல்ல."

"நானா?"

"டிராக் நாலு. நான் பெஞ்சுலேர்ந்து எழுந்ததும் அமுக்குங்க. கால் வச்சு நின்னதும் ஸ்டாப். அவ்ளோதான். வாயத் தொறக்கக் கூடாது."

"என்ன பாட்டு?"

"எங்க பாட்டுதான். ஜோமர் போறதுக்கு முன்னாடி பண்ணது."

"ஒருதரம் போட்டுப் பாத்துக்கட்டுமா?"

"மேட்ச்ல கேளுங்கப்பா."

6

ஜூன் மாதம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று விடிந்ததுமே ஆரம்பித்தார்கள். அப்போதே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. சுவர்மேல் முனியசாமி கூட்டம் வந்து உட்கார்ந்தது. நான் காரின் பின்கதவைத் திறந்து வைத்து, சிடியை விரலால் துடைத்துப் போட்டு, பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்கிற வாத்தியார் மாதிரி வாயை மூடி நின்றேன்.

சரவணன் பெஞ்சிலிருந்து எழுந்தான். அமுக்கினேன்.

முதலில் ஒரு கரகரப்பு. பிறகு யாரோ ஒரு ஆள் மைதானம் அதிரக் கத்தினான்.

"ஹலோ! ஹலோ... கேக்குதா? ஏக்கா, கேக்குதா? ஆங்! நல்லா இருக்கோம்! எல்லாரும் நல்லா இருக்கோம்! சரவணனா? உள்ள படிச்சுக்கிட்டு இருக்கான்!"

படிச்சுக்கிட்டு இருக்கான் என்று முடிந்த அதே நொடியில் கிட்டார் இடித்துக்கொண்டு உள்ளே வந்தது. பின்னால் டிரம்ஸ். டிரம்ஸின் ஒவ்வொரு அடிக்கும் அந்த ஆள் "கேக்குதா, கேக்குதா" என்று கத்திக்கொண்டே இருந்தான். யாரடா இந்த நாட்டுப்புறத்தான் என்று ஒரு கணம் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

"அண்ணே!" முனியசாமி சுவரிலிருந்து கூப்பிட்டார். "இது ஒங்க தொண்டையில்ல?"

சுவர் முழுக்கச் சிரித்தது. பிறகு, நல்லா இருக்கோம், எல்லாரும் நல்லா இருக்கோம் என்று மறுபடியும் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அவர்களும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் இதையேதான் கத்துகிறவர்கள்.

சுவர் அடங்கியதும் பெஞ்ச் ஆரம்பித்தது. ஜப்பான்காரன், கொரியாக்காரன், அமெரிக்கப் பள்ளிப் பையன் எல்லோரும் காலைத் தரையில் தட்டிக்கொண்டு "கேக்குதா! கேக்குதா!" என்றார்கள். ஒருவனுக்கும் அர்த்தம் தெரியாது. ஆனால் எந்த இடத்தில் வரும், எத்தனை முறை வரும் என்று எல்லோருக்கும் மனப்பாடம். வியாழக்கிழமைக் கூட்டங்களில் எத்தனை நாளாகப் பாடுகிறார்களோ! நான் வெளியே காரில் ஏசி போட்டுக் காத்திருந்தபோது உள்ளே என்னை வைத்துக் கச்சேரி நடந்திருக்கிறது. இந்த ஊரில் எனக்கே தெரியாமல் நான் ஒரு பாடகன்.

சரவணன் அடிக்கிற இடத்துக் கோட்டுக்கு வெளியிலேயே நின்றான். காலை ஊன்றவில்லை. தொப்பிக்கு அடியிலிருந்து என்னைப் பார்த்தபடி நின்றான். நடுவர் என் பக்கம் திரும்பி நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினார். பட்டன் மேல் விரல் இருந்தது, அமுக்கத் தோன்றவில்லை. பாட்டு தானாக முடிந்தது. நடுவர் பொறுமை இழந்து, தாமதத்துக்குத் தண்டனையாக ஒரு பந்தும் எறியாமலேயே ஒன்றைத் தவறவிட்டதாகக் கணக்குச் சொல்லிவிட்டார். மூன்று தவறவிட்டால் வெளியே போக வேண்டும். இவன் அடுத்ததைக் காற்றில் விளாசினான். அதற்கடுத்ததை வானத்துக்கு அடித்தான், அது நேராக ஒருவன் கையில் போய் இறங்கியது. அவுட். ஆட்டமும் தோல்வி. அவர்களுக்குத்தான் தோற்பது பிடிக்குமே, கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

7

காரில் வரும்போது கேட்டேன்.

"எப்படா பிடிச்சீங்க என் சத்தத்த?"

"பிடிக்கவே இல்லப்பா. நாங்க ரெக்கார்ட் பண்ணும்போது நீங்க ஹால்ல ஃபோன்ல கத்துவீங்க. எல்லா டேக்லயும் நீங்க வந்துட்டீங்க. முட்டை அட்டை ஒண்ணும் யூஸ் இல்ல."

"சொல்லியிருந்தா மெதுவாப் பேசியிருப்பேனே."

"மொதல்ல ஜோமர் அத டெலீட் பண்ணிட்டேதான் இருந்தான். அப்புறம் நீங்க இல்லாத டேக் கேட்டோம். சப்புன்னு இருந்துச்சு."

இந்தப் பிள்ளைக்காக மட்டை வாங்கினேன். தமிழ் வாசிக்கட்டும் என்று ஊரிலிருந்து பெட்டி நிறையப் புத்தகம் சுமந்து வந்தேன். காரில் பொறுக்கி எடுத்த பாட்டாகப் போட்டேன். வரிசையாக எல்லாவற்றையும் முன்னால் வைத்துவிட்டுப் பதினெட்டு வருடம் காத்திருந்தேன்.

"ஏண்டா, எங்ககிட்டேர்ந்து எடுக்க வேற ஒண்ணும் கெடைக்கலையா ஒனக்கு?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்தான். ஹெட்ஃபோன் கழுத்திலேயே கிடந்தது, வீடு வந்து சேரும்வரை காதுக்கு ஏறவில்லை.

இன்று சாயங்காலம் விடுதிக்குப் போன் போட்டேன். இத்தனை பேர் என் கூச்சலைக் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தபிறகு எனக்குக் கூச்சம் வந்துவிட்டது. படித்த மனிதன் மாதிரி அடக்கமாகப் பேசுவதென்று முடிவெடுத்திருந்தேன்.

"சரவணா, அப்பா பேசறேன். சாப்பாடெல்லாம் எப்படி இருக்கு?"

"யாரு? ஹலோ?"

"அப்பா பேசறேன்ப்பா."

"ஹலோ! லைன்ல இருக்கீங்களா? ஒண்ணுமே கேக்கலப்பா. ஏன் இப்படிப் பேசறீங்க? எப்பவும் மாதிரி கத்துங்கப்பா."

வசந்தா பால்கனிக் கதவைச் சாத்த எழுந்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுக் கத்தினேன்.